ஸ்பிரிங் மென்பொருள் உருவாக்கச் சட்டகம்: தொழில்நுட்ப மேலாளர்களுக்கான கருத்தியல் அறிமுகம்

ஆய்வுச்சுருக்கம்

ஜாவா மொழியில் நிறுவன மென்பொருள்களை உருவாக்குவோரிடையே மிகப் பரவலாக வழங்கும் சட்டகம் ஸ்பிரிங் ஆகும். நிரலர்களுக்கான விளக்கநூல்கள் அதற்கு நிரம்ப உள்ளன. ஆயினும், அச்சட்டகத்தைத் தேர்ந்தெடுப்பது, பதிப்பு மாற்றத்திற்கு ஒப்புதல் அளிப்பது, பாதுகாப்புக் குறைகளுக்கு விடையிறுப்பது ஆகிய முடிவுகள் நாள்தோறும் நிரல் எழுதாத மேலாளர்களிடமே வந்து சேர்கின்றன. ஸ்பிரிங் சட்டகத்தின் தோற்றப் பின்னணி, அடிப்படைக் கருத்துகள், அவை அமைதியாகப் பொய்க்கும் இடங்கள், அவற்றால் எழும் மேலாண்மை வினாக்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சட்டகம் உழைப்பைக் குறைக்கிறதேயன்றிப் பொறுப்பைக் குறைப்பதில்லை என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நிறுவன மென்பொருள், சட்டகம், சார்பு உட்செலுத்தல், பரிவர்த்தனை, தன்னமைவு, திறமூலம்.

1. முன்னுரை

வங்கி, காப்பீடு, மருத்துவமனை, அரசுத்துறை போன்ற பெரும் அமைப்புகளின் அன்றாடப் பணிகளைத் தாங்கி நிற்கும் மென்பொருள்களை நிறுவன மென்பொருள் என்கிறோம். இவை பல்லாண்டுகள் இயங்க வேண்டியவை. எழுதியவர் ஒருவராகவும் பேணுபவர் வேறொருவராகவும் இருப்பது இவற்றின் இயல்பு. ஆதலின், இத்தகைய மென்பொருளில் எந்தச் சட்டகத்தைப் பயன்படுத்துவது என்னும் முடிவு, ஒரு கட்டடத்திற்கு அடித்தளம் இடுவதை ஒத்தது. பின்னர் மாற்ற இயலும் எனினும், மாற்றுவதற்கான விலை மிகுதி.

இம்முடிவை எடுக்கும் தொழில்நுட்ப மேலாளர் சட்டகத்தின் ஒவ்வொரு கட்டளையையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அது எவ்வெப்பணிகளைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது, எவற்றை நிரலரிடமே விட்டுவைக்கிறது என்னும் எல்லைக்கோட்டை அவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. அவ்வெல்லைக்கோட்டைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சட்டகமும் நிரலகமும்

சட்டகம், நிரலகம் என்னும் இரு சொற்களும் ஒன்றற்கு மற்றொன்றாக வழங்கப்படுவதுண்டு. எனினும் இவை வேறுபட்டவை. நிரலகம் என்பது தேவைப்படும்போது நிரலர் அழைத்துப் பயன்படுத்தும் கருவிகளின் தொகுதி. கட்டுப்பாடு நிரலரிடமே இருக்கும். சட்டகத்திலோ இவ்வுறவு தலைகீழாகிறது. மென்பொருளின் ஓட்டத்தைச் சட்டகம் நடத்துகிறது. நிரலர் எழுதிய பகுதிகளை உரிய நேரத்தில் அதுவே அழைக்கிறது. இதனைக் கட்டுப்பாட்டுத் தலைகீழாக்கம் என்பர்.

இவ்வேறுபாடு மேலாளருக்கு ஏன் முக்கியமாகிறது? நிரலகம் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றை ஏற்பது பெரும்பாலும் சில பகுதிகளைத் திருத்துவதோடு முடியும். சட்டகத்தை மாற்றுவதோ மென்பொருளின் உருவத்தையே மாற்றுவதாகும். சட்டகத் தேர்வு என்பது கருவித் தேர்வு அன்று, நெடுங்கால உறவுக்கான ஒப்புதல் என்பதை இதனால் உணரலாம்.

3. தோற்றப் பின்னணி

1999 இறுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் நிறுவன மென்பொருள்களுக்கென ஜே2இஇ என்னும் தரப்பாட்டை வெளியிட்டது. அதன் முதன்மைக் கூறாக என்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் விளங்கியது. பரிவர்த்தனை, பாதுகாப்பு, தொலைவழி அழைப்பு ஆகியவற்றை வழங்கி (சேவையகம்) தானே கவனித்துக்கொள்ளும் என்பது அதன் வாக்குறுதி. ஆனால் அதற்கு நிரலர் கொடுக்க வேண்டியிருந்த விலை பெரிது. அதன் இரண்டாம் தலைமுறைப் பதிப்புகளில், எளிய பணியொன்றைச் செய்யும் கூறுக்குக்கூடப் பல இடைமுகங்களையும் தனியே ஓர் எக்ஸ்எம்எல் விவரக்கோப்பையும் எழுத வேண்டியிருந்தது. எழுதியதைச் சோதித்துப் பார்ப்பதற்கும் முழு வழங்கியை இயக்க வேண்டியிருந்தது. கணக்கிடும் நிரல் சில வரிகளாகவும், அதைச் சூழ்ந்த சடங்குகள் பல பக்கங்களாகவும் அமைந்தன.

இந்நிலையை விமர்சித்து ராட் ஜான்சன் 2002ஆம் ஆண்டில் ஜே2இஇ வடிவமைப்புப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். தம் கருத்துகளை மெய்ப்பிக்க அந்நூலுடன் ஏறத்தாழ 30,000 வரிகள் கொண்ட நிரலையும் அளித்தார். அந்நிரலின் பயனை உணர்ந்த யூர்கன் ஹோலர், யான் காரோஃப் ஆகியோர் அதைத் திறமூலத் திட்டமாக்க அவரைத் தூண்டினர். 2003ஆம் ஆண்டில் அத்திட்டம் உருப்பெற்றது. ஜே2இஇ என்னும் குளிர்காலத்திற்குப் பின் வரும் இளவேனில் என்னும் பொருளில் அதற்கு ஸ்பிரிங் என்று பெயரிடப்பட்டது. முதற்பதிப்பான 1.0, 2004 மார்ச்சில் வெளியானது.

ஸ்பிரிங் முன்வைத்த வாதம் எளிமையானது. நிறுவன மென்பொருளின் கருப்பொருளைச் சாதாரண ஜாவா வகுப்புகளாகவே எழுதலாம். பரிவர்த்தனை போன்ற வசதிகளை அவற்றின் வெளியிலிருந்து சேர்க்கலாம் என்பதே அது. இவ்வாதம் எத்துணை வலிமையுடையது என்பதற்கு 2006இல் வெளிவந்த என்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் 3.0 சான்றாகும். எளிய வகுப்புகளையும் குறிப்புரைகளையும் அடிப்படையாகக் கொண்டு அத்தரப்பாடே தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்டது.

4. சார்பு உட்செலுத்தல்

ஸ்பிரிங் சட்டகத்தின் உயிர்நாடி சார்பு உட்செலுத்தல் ஆகும். இச்சொல்லாட்சியை மார்ட்டின் ஃபௌலர் 2004 ஜனவரியில் எழுதிய கட்டுரை நிலைநாட்டியது. கட்டுப்பாட்டுத் தலைகீழாக்கம் என்பது மிகப் பொதுவான சொல் என்பதால், அதன் ஒரு வகையைத் துல்லியமாகச் சுட்ட இப்பெயர் தேவைப்பட்டது.

இக்கருத்தைத் திருமண வீட்டுச் சமையலைக் கொண்டு விளக்கலாம். சமையலுக்கு ஒப்புக்கொள்ளும் தலைமைச் சமையற்காரர் தமக்கு வேண்டிய மளிகைப் பொருள்களைப் பட்டியலிட்டுக் கொடுப்பார். அவற்றை எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்குவது என்பது வீட்டாரின் பொறுப்பு. கடை மாறினாலும் சமையல் முறை மாறுவதில்லை. இதனைப் போன்றே, ஒரு வகுப்பு தனக்குத் தேவையானவற்றை அறிவிக்கிறது. அவற்றை உருவாக்கி, உரிய வரிசையில் இணைத்துக் கொடுக்கும் பணியை ஸ்பிரிங் கொள்கலன் ஏற்கிறது. அக்கொள்கலனால் பேணப்படும் பொருள்கள் பீன் எனப்படுகின்றன.

இதனால் விளையும் முதன்மையான பயன் சோதனைக்குரியது. பணப்பரிமாற்றக் கூறு ஒன்று தரவுத்தள இணைப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளுமானால், அதைச் சோதிக்கத் தரவுத்தளம் தேவை. இணைப்பு வெளியிலிருந்து தரப்படுமானால், சோதனையின்போது போலி இணைப்பொன்றைத் தந்து சில நொடிகளில் சோதிக்கலாம். மேலும், ஒரு வகுப்பின் ஆக்கியைப் பார்த்த அளவிலேயே அது எவற்றைச் சார்ந்துள்ளது என்பது புலப்படும். அப்பட்டியல் மிக நீண்டிருக்குமாயின், அவ்வகுப்பு அளவுக்கு மீறிய பணிகளைச் சுமக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. இரு வகுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து வட்டமிடுவது வடிவமைப்புக் குறையைக் காட்டும். 2021 நவம்பரில் வெளியான ஸ்பிரிங் பூட் 2.6 முதல் இத்தகைய வட்டச் சார்புகள் இயல்பாகவே தடுக்கப்படுகின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேறுவகையாகக் குறிப்பிடாதவரை, கொள்கலன் ஒவ்வொரு பீனையும் ஒரேயொரு முறை உருவாக்கி எல்லாக் கோரிக்கைகளுக்கும் பகிர்கிறது. ஒரு பயனரின் விவரத்தை அப்பீனுக்குள் நிரலர் சேமித்துவைத்தால், அதே கணத்தில் வரும் மற்றொரு பயனருக்கு அது தென்படக்கூடும். ஒருவர் மட்டும் பயன்படுத்திப் பார்க்கும் சோதனையில் இக்குறை வெளிப்படாது. ஆயிரவர் ஒருசேரப் பயன்படுத்தும் நாளில்தான் தலைகாட்டும்.

5. கூறு நோக்கு நிரலாக்கமும் பரிவர்த்தனையும்

பாதுகாப்புச் சரிபார்ப்பு, பதிவேடு எழுதுதல், பரிவர்த்தனை மேலாண்மை ஆகியன மென்பொருளின் எல்லாப் பகுதிகளையும் ஊடறுத்துச் செல்பவை. அவற்றை ஒவ்வொரு வினைமுறையிலும் திரும்பத் திரும்ப எழுதாமல் ஓரிடத்தில் வரையறுத்து, வேண்டிய இடங்களில் பொருத்தும் முறையே கூறு நோக்கு நிரலாக்கம்.

பரிவர்த்தனை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஒரு கணக்கில் 10,000 ரூபாய் கழிக்கப்பட்டு மற்றொரு கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ வேண்டும், அல்லது இரண்டும் நிகழாதிருக்க வேண்டும். வெற்றியெனில் மாற்றங்கள் உறுதிசெய்யப்படும். தோல்வியெனில் தொடங்கிய நிலைக்கு மீட்கப்படும். ஸ்பிரிங்கில் நிரலர் இதற்கென ஒரு குறிப்புரையை வினைமுறையின் தலையில் எழுதினால் போதும். அவ்வகுப்பிற்கு முன்னால் ஒரு பதிலாளைச் சட்டகம் நிறுத்துகிறது. வெளியிலிருந்து வரும் அழைப்புகளைப் பதிலாள் முதலில் பெற்று, பரிவர்த்தனையைத் தொடங்கி, பின் உண்மையான வினைமுறைக்கு அனுப்பி, இறுதியில் உறுதிசெய்கிறது அல்லது மீட்கிறது.

இந்த எளிமைக்குள் மேலாளர் அறிய வேண்டிய மூன்று எல்லைகள் உள்ளன.

முதலாவது, பதிலாள் வாயிற்காவலரைப் போன்றது. வெளியிலிருந்து வருவோரையே அது காணும். வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்பவரைக் காணாது. ஒரு வகுப்பின் வினைமுறை அதே வகுப்பின் மற்றொரு வினைமுறையை நேரடியாக அழைக்கும்போது, பின்னதன் தலையிலுள்ள குறிப்புரை இயல்பான அமைப்பில் பயனற்றுப் போகிறது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

இரண்டாவது, எல்லாத் தோல்விகளும் மீட்புக்கு வழிவகுப்பதில்லை. ஜாவாவில் விதிவிலக்குகள் இருவகைப்படும். தொகுப்பி கட்டாயமாகக் கையாளச் சொல்பவை ஒருவகை, இயக்கநேரத்தில் எழுபவை மற்றொரு வகை. ஸ்பிரிங்கின் இயல்பு நிலையில் இயக்கநேர விதிவிலக்குகளும் கடும் பிழைகளும் மட்டுமே மீட்பைத் தூண்டுகின்றன. முதல்வகை விதிவிலக்கு எழுந்தால் அதுவரை நிகழ்ந்த மாற்றங்கள் உறுதிசெய்யப்படுகின்றன. மேற்கண்ட எடுத்துக்காட்டில், பற்றுவைத்த பின் வரவுவைக்கும் பணி முதல்வகை விதிவிலக்கால் நின்றுவிட்டால், 10,000 ரூபாய் ஒரு கணக்கில் குறைந்தும் மற்றொன்றில் சேராமலும் போகும். இவ்வியல்பு என்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் மரபிலிருந்து வந்தது. குறிப்புரையில் ஒரு சொல் சேர்த்து இதை மாற்றலாம். ஆனால் மாற்ற வேண்டும் என்பதை யாரேனும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பரிவர்த்தனையில் பங்கேற்கும் வளங்களை மட்டுமே மீட்க இயலும். தரவுத்தளத்தை மீட்கலாம். வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்ட குறுஞ்செய்தியையோ பிற நிறுவனத்தின் வழங்கிக்கு விடுத்த கோரிக்கையையோ மீட்க இயலாது. அவற்றின் ஒழுங்கை வடிவமைப்பாளரே வகுக்க வேண்டும்.

6. ஸ்பிரிங் பூட்டும் தன்னமைவும்

காலப்போக்கில் ஸ்பிரிங்கும் பருத்தது. எக்ஸ்எம்எல் சுமையிலிருந்து விடுவிக்க வந்த சட்டகம், தனக்கே நீண்ட எக்ஸ்எம்எல் கோப்புகளைக் கோரத் தொடங்கியது. இதற்கு விடையாக 2014 ஏப்ரலில் ஸ்பிரிங் பூட் 1.0 வெளியானது. மென்பொருளோடு சேர்க்கப்பட்டுள்ள நிரலகங்களை ஆராய்ந்து, அவற்றிற்கு ஏற்ற அமைப்புகளை அதுவே செய்துகொள்கிறது. இது தன்னமைவு எனப்படும். நிரலர் தமக்கென ஓர் அமைப்பைத் தந்தால் தன்னமைவு விலகி வழிவிடும். மேலும், வலை வழங்கியும் மென்பொருளுக்குள்ளேயே அடக்கப்பட்டு, முழுமையும் ஒரே ஜார் கோப்பாக இயங்குகிறது.

இதனால் புதிய திட்டத்தைத் தொடங்கும் உழைப்பு பெரிதும் குறைந்தது. அதே வேளையில், தாம் எழுதாத அமைப்புகளால் இயங்கும் மென்பொருளுக்கு ஒரு குழு உரிமையாளராகிறது. அன்றாடப் பணியில் இது இடையூறாவதில்லை. இடர் நேரும்போது மட்டும் நம் மென்பொருளுக்குள் எவை எவை உள்ளன என்னும் வினா எழுகிறது.

7. பாதுகாப்பு: இரு நிகழ்வுகள் தரும் பாடம்

2021 டிசம்பரில் லாக்4ஜே2 என்னும் பதிவேட்டு நிரலகத்தில் கடுமையான பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. ஸ்பிரிங் பூட்டின் இயல்பான பதிவேட்டு நிரலகம் லாக்பேக் ஆகும். எனவே, அதை மாற்றி லாக்4ஜே2 மையநிரலைப் பயன்படுத்திய மென்பொருள்களே இக்குறைக்கு ஆளாயின. 2022 மார்ச் 31 அன்று ஸ்பிரிங் சட்டகத்திலேயே மற்றொரு குறை அறிவிக்கப்பட்டு, அன்றே 5.3.18, 5.2.20 ஆகிய திருத்தப் பதிப்புகள் வெளியிடப்பட்டன. அப்போது அறியப்பட்ட தாக்குமுறை வெற்றிபெற, ஜாவா 9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும், டாம்கேட் வழங்கியில் வார் கோப்பாக நிறுவப்பட்ட நிலையும் தேவைப்பட்டன. ஸ்பிரிங் பூட்டின் இயல்பான ஜார் வடிவில் இயங்கியவை அத்தாக்குமுறைக்கு உட்படவில்லை.

இவ்விரு நிகழ்வுகளிலும் மேலாளர்முன் எழுந்த வினா ஒன்றே: நம் மென்பொருள் பாதிக்கப்பட்டுள்ளதா? பதிவேட்டு நிரலகம் எது, நிறுவல் வடிவம் எது என்பதை முன்னரே ஆவணப்படுத்தியிருந்த குழுவால் விரைவில் விடைகூற இயலும். ஆவணப்படுத்தாத குழு, தேடுவதற்கே நாள்களைச் செலவிட நேரும். எனவே, மென்பொருளின் உட்கூறுப் பட்டியலைப் பேணுதல் சட்டகப் பயன்பாட்டின் பிரிக்க முடியாத கடமையாகிறது. பாதிப்பு இல்லை என்று தெரிந்தபோதும் திருத்தப் பதிப்புக்கு மாறுவதே முறை. ஏனெனில், இன்று அறியப்பட்ட தாக்குமுறை ஒன்றே எனினும் நாளை வேறொன்று கண்டறியப்படலாம்.

8. பதிப்பு மாற்றமும் உடைமை மாற்றமும்

ஆரக்கிள் நிறுவனம் 2017இல் ஜாவா இஇ தரப்பாட்டை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு ஒப்படைக்க முடிவுசெய்தது. வணிகப்பெயர் உரிமை காரணமாக, ஜாவாஎக்ஸ் எனத் தொடங்கிய தொகுதிப் பெயர்களை ஜகார்த்தா எனத் தொடங்குமாறு மாற்ற வேண்டியதாயிற்று. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் 6, ஸ்பிரிங் பூட் 3 ஆகியன இப்புதிய பெயர்களையும், ஜாவா 17ஐக் குறைந்த அளவுத் தேவையாகவும் ஏற்றன. பெயர் மாற்றம் மேற்பார்வைக்கு எளிது. ஆயின், மென்பொருள் சார்ந்துள்ள ஒவ்வொரு பிற நிரலகமும் அதே மாற்றத்தைச் செய்திருந்தால்தான் மேம்பாடு இயலும். பேணுவாரற்ற ஒரேயொரு பழைய நிரலகம் முழு மாற்றத்தையும் தடுத்துவிடும். 2023 நவம்பரில் ஸ்பிரிங் பூட் 2.7க்கான கட்டணமற்ற ஆதரவு முடிவடைந்தபோது, மாறாதிருந்தோர் கட்டண ஆதரவைப் பெறுதல், ஆதரவின்றி இயங்குதல் என்னும் இரண்டில் ஒன்றைத் தேர வேண்டியிருந்தது.

உடைமை வரலாறும் அறியத்தக்கது. ஸ்பிரிங்கை வளர்த்த இன்டர்ஃபேஸ்21 நிறுவனம் 2007இல் ஸ்பிரிங்சோர்ஸ் எனப் பெயர் மாறியது. 2009இல் விஎம்வேர் அதை வாங்கியது. 2013இல் பிவோட்டல் நிறுவனத்திடம் சென்று, 2019இறுதியில் மீண்டும் விஎம்வேரிடம் வந்து, 2023 நவம்பரில் பிராட்காம் வசமாயிற்று. இத்தனை கைமாறியும் சட்டகத்தின் நிரல் அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ்த் திறமூலமாகவே நீடிக்கிறது. உரிமம் நிரலைக் காக்கும். ஆனால் எத்தனை ஆண்டுகளுக்குக் கட்டணமற்ற திருத்தங்கள் கிடைக்கும் என்பதை உரிமம் உறுதிசெய்வதில்லை. அதனை முடிவுசெய்வது பேணும் நிறுவனமே.

9. பொருத்தமும் வரம்பும்

நெடுங்காலம் இயங்கும், பல தரவு வளங்களோடு உறவாடும், நிரலர்கள் மாறிமாறி வந்துசெல்லும் பெருந்திட்டங்களுக்கு ஸ்பிரிங் பொருத்தமானது. பயிற்சிபெற்ற நிரலர்கள் கிடைப்பதும் ஆவணங்கள் நிறைந்திருப்பதும் அதன் வலிமை. மறுபுறம், கொள்கலன் தன் இணைப்புப் பணிகளில் பெரும்பகுதியை மென்பொருள் தொடங்கும் நேரத்தில் செய்வதால், தொடக்க நேரமும் நினைவகத் தேவையும் மிகுகின்றன. தேவைக்கேற்ப நொடிப்பொழுதில் எழுந்து மறையும் சிறு சேவைகளுக்கு இது சுமையாகலாம். மைக்ரோநாட், குவார்க்கஸ் ஆகிய பிற்காலச் சட்டகங்கள் இப்பணிகளை இயன்றவரை தொகுப்பு நேரத்திற்கே நகர்த்தின. ஸ்பிரிங் 6உம் இவ்வகை முன்தொகுப்புக்கு இடமளிக்கிறது. சிறிய, குறுகிய கால மென்பொருளுக்குச் சட்டகம் தேவைதானா என்பதையும் வினவுதல் தகும்.

10. மேலாளர் எழுப்ப வேண்டிய வினாக்கள்

மேற்கண்டவற்றிலிருந்து, தம் குழுவினரிடம் மேலாளர் கேட்கத்தக்க வினாக்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. பணமோ பொறுப்போ கைமாறும் வினைமுறைகள் எவை? அவற்றின் பாதியில் தோல்வியை வலிந்து ஏற்படுத்தி, மீட்பு நிகழ்கிறதா எனச் சோதித்தது உண்டா?
2. பகிரப்படும் பீன்களில் பயனர் விவரம் தேக்கப்படவில்லை என்பதை எவ்வாறு உறுதிசெய்கிறோம்?
3. மென்பொருளின் உட்கூறுப் பட்டியல் எங்குள்ளது? இறுதியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது?
4. பயன்படுத்தும் பதிப்பின் கட்டணமற்ற ஆதரவு எந்நாளில் முடிகிறது? அடுத்த பதிப்புக்கு மாற நிதியும் நேரமும் ஒதுக்கப்பட்டுள்ளனவா?
5. அடுத்த பெரும் பதிப்புக்கு மாறுவதைத் தடுக்கக்கூடிய, பேணுவாரற்ற நிரலகங்கள் எவை?
6. நிறுவனத்தின் தொழில் விதிகளைச் சொல்லும் நிரல், சட்டகத்திலிருந்து எத்துணை தூரம் விலகி நிற்கிறது?

இவற்றுள் இறுதி வினா தனிக்கவனத்திற்குரியது. வட்டிக் கணக்கீடு போன்ற தொழில் விதிகள் எளிய ஜாவா வகுப்புகளில் அமைந்து, சட்டகம் அவற்றின் விளிம்பில் மட்டும் தொட்டு நிற்குமானால், சட்டகம் மாறினாலும் விதிகள் நிலைக்கும். ஸ்பிரிங்கின் தொடக்ககால வாதமும் இதுவே ஆகும்.

முடிவுரை

ஸ்பிரிங், முந்தைய தரப்பாட்டின் சடங்குகளுக்கு எதிர்வினையாகத் தோன்றி, சார்பு உட்செலுத்தல், கூறு நோக்கு நிரலாக்கம், தன்னமைவு ஆகிய கருத்துகளால் நிறுவன மென்பொருள் உருவாக்கத்தை எளிமைப்படுத்தியது. அவ்வெளிமை, சிக்கலை நீக்கியதால் விளைந்தது அன்று. சிக்கலைப் பதிலாளுக்கும் கொள்கலனுக்கும் பின்னால் நகர்த்தியதால் விளைந்தது. நகர்த்தப்பட்டவை எவ்விடத்தில் உள்ளன என்பதை அறிந்த குழு சட்டகத்தால் பயன்பெறும். அறியாத குழுவுக்கு முதல் அறிவிப்பு, கணக்கு நேராகாத வாடிக்கையாளரின் முறையீடாக வந்து சேரக்கூடும். நிரலை எழுதுதல் நிரலரின் பணி. எல்லைக்கோடு எங்குள்ளது என்று கேட்டுத் தெளிவது மேலாளரின் பணி. பின்னதை எந்தச் சட்டகமும் தானாகச் செய்துதருவதில்லை.